ஒருநாள் விட்டு ஒருநாள்

மெஷினுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும், அதுவரை கொட்டகையில் போய் உட்காருங்கக்கா என்று சொல்லிவிட்டு லேப் பெண் ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டாள். சாந்தாமணி நகராமல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே மூடி போட்ட சின்ன டப்பாவில் அவளுடைய சளி இருக்கிறது. பாதாம் மரத்தடியில் குனிந்து நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அடிவயிறு இழுக்க இழுக்க இருமி எடுத்தது. முதலில் எச்சில்தான் வந்தது. எச்சில் வேண்டாம், நெஞ்சிலிருந்து வரவேண்டும் என்று அந்தப் பெண் திருப்பி அனுப்பினாள். ராத்திரியெல்லாம் கேட்காமலே வருகிற சளி, கேட்டால் வருவதில்லை. உங்களை மாதிரி உடம்புக்குச் சளி சுலபமாக வராது என்று கவுன்சிலர் எஸ்தர் மேடம் முன்பே சொல்லியிருக்கிறார். உங்களை மாதிரி என்றால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு. மேடம் அந்த வார்த்தையை நாலு பேர் இருக்கிற இடத்தில் சொல்ல மாட்டார், உங்களை மாதிரி என்றுதான் சொல்வார், கேட்கிறவளுக்குத் தெரியும். அந்த மெஷின் இரண்டு சேதி சொல்லுமாம். டிபி கிருமி இருக்கிறதா இல்லையா என்பது ஒன்று. இருந்தால், அது இதுவரை சாப்பிட்ட மருந்துக்கு அடங்குகிற கிருமியா, அடங்காத கிருமியா என்பது இன்னொன்று. இரண்டாவது சேதியை நினைத்தால்தான் அவளுக்குக் காலின் கீழே தரை இளகுகிற மாதிரி இருந்தது. மனுசரிடம் என்றால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். சாப்பிட்டீங்களா என்றால் சாப்பிட்டேன், தூங்கினீங்களா என்றால் தூங்கினேன். இந்த மெஷின் ஒன்றுமே கேட்காது. சளியை மட்டும் பார்க்கும். அவள் அடுப்படியில் செய்ததெல்லாம் அந்தச் சளியில் எழுதியிருக்குமோ. யார் யாருக்கு என்றைக்கு எது போனது என்று.

கொட்டகை நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. இருமல்காரர்களுக்கென்றே ஆஸ்பத்திரிக் கட்டடத்தை விட்டுத் தள்ளிப் போட்டது. காற்று ஓட வேண்டும், காற்றுதான் முக்கியம் என்று சொல்லிச் சொல்லி இங்கே எல்லாருக்கும் அது மனப்பாடம். பெஞ்சில் ஒருவருக்கொருவர் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள், எல்லார் முகத்திலும் மாஸ்க், கண்கள் மட்டும் வெளியே. கண்களை மட்டும் பார்த்தால் எல்லாருமே எதையோ திருடிவிட்டு நிற்கிறவர்கள்போல் இருக்கிறது. என் கண்ணும் அப்படித்தான் இருக்குமோ என்று நினைத்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாஸ்க்குக்குள் தன் மூச்சே திரும்பி வந்து மூக்கில் மோதியது, கசப்பாக, இரும்பு வாசத்தோடு. காய்ச்சல் இன்னும் இருக்கிறது. போன மாதம்தான் திரும்பி வந்தது. நன்றாகத் தேறி, சோறு இறங்கி, ரவிக்கை பிடிக்கிற அளவுக்கு உடம்பு ஏறி, தறிப்பட்டறைக்குத் திரும்பப் போய்த் தறிக்கு நூல்தார் சுற்ற ஆரம்பித்த பிறகு வந்தது. தார் சுற்றும்போது நூல் அறுந்தால் கைக்கே தெரியும், கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. அப்படித்தான் அன்றைக்கு மத்தியானம் உடம்புக்குள் என்னவோ அறுந்தது அவளுக்குத் தெரிந்தது. தார் மெஷினை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள், அறுந்த நூல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்றுமில்லை, வெயில் என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். வெயில்தான். வெயிலாக இருக்கட்டும். சாயங்காலம் வீட்டுக்காரரிடமும் வெயில் என்றுதான் சொன்னாள், அவரும் ஆமாம் இந்த வருசம் வெயில் அதிகம் என்றார், சொல்லிவிட்டு இருமினார், இருவரும் அந்த இருமலைக் கேட்காத மாதிரி டிவியைப் பார்த்தார்கள்.

"ஏஞ் சாந்தா, பேயறஞ்சவளாட்டம் உக்காந்திருக்கற?"

பாவாயக்கா. குரலை வைத்துத்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. மாஸ்க்குக்கு மேலே இருந்த நெற்றி கரிச்சட்டி நிறத்தில் இருந்தது. அக்கா இவளுக்கு முன்பிருந்தே கூட்டு மருந்து வாங்குகிறவள், எச்.ஐ.வி.க்கு மாதாமாதம் கொடுக்கிற மாத்திரைக்கு அதுதான் பெயர், அந்த வரிசையில் பழக்கம். போன வருசம் அக்காவுக்கு டிபி வந்து, அது அடங்காத வகை என்று ஆகி, வேறு மாத்திரைக்கு மாற்றியிருந்தார்கள். மல்லிகைப்பூ வைத்துக்கொண்டால் எடுப்பாகத் தெரியும் மாநிறம் அக்காவுக்கு. இப்போது இப்படி.

"என்னக்கா, இப்பிடிக் கறுத்துட்டீங்க?"

"மாத்தரை கண்ணு. திங்கத் திங்கக் கறுக்குமாம், நிறுத்துனா வெளுக்குமாம். எம் புருசன் உசுரோட இருந்திருந்தா இவ எம் பொண்டாட்டியே இல்லைன்னு கோயல்ல சத்தியம் பண்ணிருப்பான். செத்துத் தப்பிச்சுட்டான் மகராசன்." சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. "உனக்கென்ன, ரிசல்ட்டுக்கா?"

"ஆமாங்க்கா."

"நீயெல்லாம் எதுக்குப் பயப்படற? நாந்தான் கூறு கெட்டவ, கொஞ்சம் நல்லானதீம் மாத்தரையத் தூக்கிக் கூரை எறவாணத்துல சொருகீட்டு வேலைக்குப் போனன். கால் ரெண்டும் மரத்துப்போச்சு சாந்தா. செருப்புக் கழண்டு போனாக்கூடத் தெரியறதில்ல, அரை மைலு போயித் திரும்பிப் பாத்தா ஒத்தச் செருப்பு. நீ ஒருநாளு உடாமத் தின்னவ. அன்னிக்கு மீட்டிங்குல மேடம் உன்னியத்தான எந்திரிச்சு நிக்க வெச்சாங்க."

அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து போகும்போது அக்கா ஒவ்வொரு அடியையும் குனிந்து பார்த்துப் பார்த்து வைத்தாள், தரை இருக்கிறதா என்று சரிபார்க்கிறவளைப்போல.

அந்த மீட்டிங். அதை நினைக்கக்கூடாது என்று நினைத்தால் அதுதான் முதலில் வருகிறது. புதிதாக டிபி மருந்து ஆரம்பிக்கிறவர்களை வட்டமாக உட்கார வைத்து, எஸ்தர் மேடம் அவளைக் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினார். இவங்களைப் பாருங்க, ஒருநாள்கூட விடல, கம்ப்யூட்டரில் பச்சை பச்சையாக இருக்கு, நீங்களும் இப்படி இருக்கணும். எல்லாரும் கை தட்டினார்கள். கல்யாணத்தன்றுகூட யாரும் அவளை அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை. பேசச் சொன்னார்கள். என்ன பேசுவது. தினமும் சாப்பிடுங்க என்றாள். மறக்காதீங்க என்றாள். அந்த நேரத்தில் அவளுக்கு அது பொய் என்றே தோன்றவில்லை, அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. நிஜமாகவே தினமும் சாப்பிட்டவள் மாதிரி ஒரு பெருமை தொண்டையில் வந்து நின்றது. மாத்திரை அட்டையின் பின்பக்கம் ஒரு தாள் மூடி இருக்கும். மாத்திரையை அழுத்தி வெளியே தள்ளினால் தாள் கிழிந்து உள்ளே ஒரு போன் நம்பர் தெரியும். அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். கொடுத்தால் இன்றைக்கு மாத்திரை சாப்பிட்டாயிற்று என்று கம்ப்யூட்டரில் ஏறிக்கொள்ளும். காசு போகாது. ஒரு பெண் நன்றி என்பாள், அதற்குள் துண்டித்துவிடும். அந்தப் பெண் யார், எந்த ஊர் என்று சாந்தாமணி யோசித்திருக்கிறாள். நல்ல குரல். மாத்திரை வெளியே வந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். யார் வாய்க்குப் போனது என்பது தெரியாது.

ஒருநாள் அவள் வாய்க்கு, ஒருநாள் அவர் வாய்க்கு. ஆரம்பித்தது அவரும் இல்லை, அவளும் இல்லை, எப்படி ஆரம்பித்தது என்று யோசித்தால் அது தானாகவே ஆரம்பித்த மாதிரி இருக்கிறது. அவள் தேறிக்கொண்டு வந்த சமயம் அவருக்கு இருமல் கண்டது. அவளுக்கு வந்த அதே இருமல், அவளுக்கு அதன் ஒவ்வொரு படியும் தெரியும், முதலில் சாயங்காலம் மட்டும், பிறகு படுத்தால், பிறகு பேசினால். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று சொன்னாள். அவர் பிளேட்டைக் கழுவிக்கொண்டே பேசினார். டிபி என்று எழுதிவிட்டால் வீட்டுக்கு வருவார்கள், வேலை செய்கிற இடத்துக்கு வருவார்கள், பள்ளிக்கூடத்துக்காரன் அன்றைக்கே வேன் சாவியை வாங்கிக்கொள்வான். அப்புறம் ஏன் வந்தது எப்படி வந்தது என்று எவனாவது கிளறுவான். "ஒண்ண மறைக்கறதுக்கே இத்தன பாடு படறம். ரெண்டாவத எங்க கொண்டுபோயி மறைக்கறது புள்ள?" அவள் வீட்டுக்காரர் செங்கோடன் முன்பு போர்வெல் ரிக்கு லாரியில் இருந்தவர். வடக்கே மாதக்கணக்கில் போய்விட்டு வருவார். அந்தப் போக்குவரத்தில் வந்து சேர்ந்ததுதான் முதலாவது நோய், அவரிடமிருந்து அவளுக்கு. அதைச் சொல்லி அவள் ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை. போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அவரும் இவளிடம் எதையும் கேட்கக் கூசியிருப்பார். ரிக்கை விட்டுவிட்டு வந்து பள்ளிக்கூட வேன் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. சொந்தமாகப் பிள்ளை இல்லாத மனுசன், வேன் நிறையப் பிள்ளைகள், எல்லாம் மாமா மாமா என்று தோளில் தொங்கும். அதை எடுத்துவிடுவார்கள் என்றால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பார். அடுத்த நாள் காலையில் அவள் மாத்திரையைத் தள்ளி உள்ளங்கையில் வைத்திருக்கும்போது அவர் வந்து பக்கத்தில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார். காய்ச்சலில் கண் பழுத்திருந்தது. நான்தான் தேறிவிட்டேனே, ஒருநாள் விட்டால் என்ன. இன்றைக்கு நீங்க போட்டுக்கங்க என்று நீட்டினாள். அவர் வாங்கி விழுங்கித் தண்ணீர் குடித்தார். அவள் போனை எடுத்து மிஸ்டு கால் கொடுத்தாள். அவ்வளவுதான். கறி எடுத்தால் நல்ல துண்டை அவருக்கு எடுத்து வைப்பதுபோலத்தான் அது இருந்தது. மறுநாள் அவர் குளியலறையிலிருந்து சந்தோசமாக வெளியே வந்து, உனக்காட்டமே ஒண்ணுக்குச் செகப்பாப் போகுது, எனக்கும் மருந்து ஏறுது புள்ள என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எப்படிச் சிரிக்க முடிந்தது. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி கிடைத்தது என்று நினைத்தாளே, இரண்டு பேருக்குள்ளும் இருக்கிற கிருமிக்கு மருந்தைப் பழக்கிக் கொடுத்திருக்கிறோம் என்று ஏன் தோன்றவில்லை. நாய்க்குக் கல்லைக் காட்டிக் காட்டி எறியாமல் விட்டால் அது அப்புறம் ஓடுவதில்லை. இது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

தகரத்தின் மேல் முதல் துளிகள் விழுந்தன. ஒன்றிரண்டாகத்தான் விழுந்தன, அவள் தலையைத் தூக்கினாள். காலையில் கிளம்பும்போதே மேற்கே கறுத்துக்கொண்டு இருந்தது. துளிகள் நெருங்கி, சத்தம் ஒன்றாகி, கொட்டகையின் ஓரத்தில் தண்ணீர் திரையாக இறங்கியது. பெஞ்சின் ஓரத்தில் இருந்தவர்கள் நடுப்பக்கம் நகர்ந்தார்கள். நல்ல மழை, ஏரிக்குத் தண்ணி வரும் என்றார் யாரோ. வேன். வேனுக்கு வலப்பக்கம் நாலு ஜன்னல், இடப்பக்கம் மூன்று, பின்கதவில் ஒன்று. வெயில் நாளில் எல்லாம் திறந்திருக்கும், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போகும், அவர் முன்னால் இருக்கிறார், காற்று பின்னால் போகிறது. இல்லை, காற்று பின்னால் போகிறது என்றால் பிள்ளைகள் இருக்கிற பக்கம்தானே போகிறது. இதை அவள் எத்தனையோ முறை யோசித்து எத்தனையோ முறை பாதியில் நிறுத்தியிருக்கிறாள். ஜன்னல் திறந்திருக்கிறது, அது போதும் என்று அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். வீட்டிலும் அப்படித்தான், ராத்திரியிலும் ஜன்னல் கதவுகளைச் சாத்துவதில்லை. இப்போது மழை வந்து அந்த முடிச்சை அவிழ்க்கிறது. மழை பெய்தால் கண்ணாடியை ஏற்றத்தான் வேண்டும். பிள்ளைகள் நனைந்தால் தாய்மார் சண்டைக்கு வருவார்கள். எல்.கே.ஜி. பிள்ளைகளை மத்தியானமே கொண்டுபோய் விடுகிற நேரம் இது. அதுகளை முன்பக்கம்தான் உட்கார வைப்பார், கண் பார்வையில் இருக்கட்டும் என்று. அதிலும் நிவிதா என்று ஒரு குட்டி, இன்ஜின் பெட்டிமேல் மெத்தை போட்ட இடத்தில் அவருக்கு ஒட்டினாற்போல்தான் உட்காரும். வேறு இடத்தில் உட்கார்த்தினால் அழும். போன பொங்கலுக்கு அவர் அந்தக் குட்டிக்கு வளையல் வாங்கிக் கொடுத்தார். அவர் வாயிலிருந்து ஒரு முழம் தூரம் இருக்குமா அந்த முகம். ஒரு முழம்கூட இருக்காது.

போனை எடுத்தாள். அவசரத்தில் வேறு யாருக்கோ போய், துண்டித்து, மறுபடியும் அழுத்தினாள். கொட்டகையின் ஓரத்துக்கு வந்து நின்றாள், சாரல் முதுகில் அடித்தது.

"என்னாச்சு புள்ள? மெஷினு என்ன சொல்லுச்சு?"

"இன்னும் வல்லீங்க. அங்க மழைங்களா?"

"ஊத்துது. பாலத்துக்கிட்டத் தண்ணி ஏறி நிக்குது, வண்டியெல்லாம் நிக்குது. கண்ணாடிய ஏத்தியுட்டுட்டு குட்டிச் சாமிகளோட உக்காந்திருக்கறன்."

"எல்லாக் கண்ணாடியுமுங்களா?"

"பின்ன? சல்லடையாட்டம் அடிக்குது."

"ஒரு கண்ணாடியக் கொஞ்சம் எறக்கியுட்டுக்கங்க மாமா. ஒண்ணே ஒண்ணு."

அவர் பதில் சொல்ல ஆரம்பித்தார், இருமல் வந்துவிட்டது. போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமினார், கண்ணாடி ஏற்றிய வேனுக்குள் அது இடிக்கிற சத்தம் இவள் காதுவரை வந்தது. அது அடங்குவதற்குள் இன்னொரு சத்தம் எழுந்தது. ஹக் ஹக் ஹக் ஹக். நிறைய வாய்கள். அப்புறம் சிரிப்பு. மறுபடியும் ஹக் ஹக் ஹக், ஒரு குரல் பெரிதாக, ஒரு குரல் கீச்சென்று.

"கேட்டியா?" அவரும் சிரித்தார், மூச்சு வாங்கிக்கொண்டே. "வேன் மாமா வெளையாட்டாமா. நான் இருமுனா எல்லாரும் இருமோணும். இந்த நிவிதாக் குட்டி இருக்குதே, நம்மளையே தூக்கிச் சாப்புட்டுரும் புள்ள, நெசமாட்டமே இருமுது. ஏஞ் சாமி, அத்தைக்கு ஒருக்கா இருமிக் காட்டு."

"வேண்டாம்," என்றாள். "வேண்டாங்க."

ஆனால் அதற்குள் அந்தக் குட்டி இருமியது. மற்ற பிள்ளைகள் சிரித்து ஓய்ந்த பிறகும் ஒரு சின்ன இருமல் தனியாகக் கேட்டது, ஒன்று, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வண்டி நகருது, வெச்சறன் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

விளையாட்டுத்தான். பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் செய்யும். நாய் குரைத்தால் குரைக்கும், பஸ் ஹாரன் அடித்தால் அடிக்கும். கடைசியில் வந்த அந்த இருமல்? அதுவும் விளையாட்டுத்தான், அத்தைக்கு இருமிக் காட்டு என்று சொன்னார், காட்டியது. எல்லாரும் நிறுத்திய பிறகு ஏன் காட்ட வேண்டும். அதுகளுக்கு நிறுத்தத் தெரியாது, சிரிக்க வைத்துவிட்டால் போதும், செய்துகொண்டே இருக்கும். மழைக்குச் சளி பிடித்திருக்கலாம். பிள்ளை என்றால் சளி பிடிக்காமலா. அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். காதுக்குள் அந்த இருமலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். நெஞ்சிலிருந்து வந்ததா, தொண்டையிலிருந்து வந்ததா. அவளுக்கு வித்தியாசம் தெரியும், காலையில்தானே அரை மணி நேரம் நின்று இரண்டையும் இருமினாள். தொண்டை. தொண்டைதான். முதலாவது தொண்டை. இரண்டாவது தெரியவில்லை. இரண்டாவதை நினைத்துப் பார்க்கப் பார்க்க அது மாறிக்கொண்டே போனது, கடைசியில் அவளுடைய இருமல் மாதிரியே கேட்டது. சொல்லிவிடலாம். யாரிடம் சொல்வது. சொன்னால் அவர் என்ன ஆவார். டிபி மாத்திரையைப் பங்கு போட ஆரம்பித்த நாட்களில் ஒருமுறை, தெரிந்துபோனால் என்ன செய்வீங்க என்று கேட்டாள். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே சிரித்தார். "நான் போட்ட போருல உழுகலாம்னா ஆறரை அங்குலத்துக்குள்ள எவன் நொழைவான்? ஏதாச்சும் கெணறாப் பாத்துத்தான் உழுகோணும்." அன்றைக்கு அவளும் சிரித்துவிட்டாள். ஆறரை அங்குலத்துக்குள் நுழைகிற மனுசனை நினைத்துச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒருநாள் அவர் சந்தைக்குப் போய் வர நேரமானபோது அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்து, காட்டுக் கிணறு இருக்கிற திக்கில் செருப்பில்லாமல் ஓடினாள். அவர் எதிரே தேங்காயோடு வந்தார். எங்கடி ஓடற என்றார். சும்மா என்றாள். சொன்னால் அவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் அந்தக் குட்டி. சொன்னால் அவர், சொல்லாவிட்டால் குட்டி. இல்லை, மெஷின் நல்ல சேதி சொல்லிவிட்டால் எதுவுமே இல்லை. அடங்குகிற கிருமியாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் மருந்து கூட்டிக் கொடுப்பார்கள், அவருக்கும் எப்படியாவது. எப்படியாவது என்றால்? மறுபடியும் பங்கா? அவள் தன்னையே பார்த்துத் திடுக்கிட்டாள். இந்த நிமிசத்திலும் அவள் மனம் அட்டையைப் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

"சாந்தாமணி," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

எஸ்தர் மேடம் ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார். மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஜன்னல் வழியாகச் சாரல் விழுந்து மேஜையின் ஒரு மூலை நனைந்திருந்தது, ஆனாலும் ஜன்னலைச் சாத்தவில்லை. மேடம் முகத்தைப் பார்த்ததுமே சாந்தாமணிக்குத் தெரிந்துவிட்டது. கெட்ட சேதி சொல்லப்போகிறவர்கள் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். மேடம் தண்ணீர் கொடுத்தார்.

"குடிங்க. நிதானமாக் கேளுங்க. டிபி கிருமி திரும்ப இருக்கு. பழைய மருந்துக்கு அது அடங்கலை. ஆனா இதுக்கு வேற மருந்து இருக்கு, குணமாக்கலாம், உங்களை மாதிரி இருக்கறவங்களும் நிறைய பேர் குணமாகியிருக்காங்க. பாவாயக்காவைப் பாத்தீங்கல்ல? எடை ஏறிட்டு வருது அவங்களுக்கு."

அடங்கவில்லை. அந்தச் சொல் அவளுக்குள் விழுந்து அடியைத் தொடாமல் போய்க்கொண்டே இருந்தது. சாவுப் பயம் என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. உள்ளங்கால் குளிர்ந்தது, அவ்வளவுதான். மேடம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு. உங்க பேர்ல ஒருநாள்கூட விடுபடலை. நீங்க வருத்தப்படாதீங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்லை. அடங்காத கிருமி வேற யார்கிட்ட இருந்தாவது புதுசாத் தொத்தியிருக்கும். தறிப்பட்டறை, பஸ்ஸு, எங்கயாவது."

பட்டறை, பஸ், எங்கேயாவது. கதவைத் திறந்து வைத்து இதோ வழி என்று காட்டுகிற மாதிரி இருந்தது. தலையை ஆட்டினால் போதும். ஆமாங்க மேடம், பஸ்ஸாத்தான் இருக்கும். அவள் நல்லவளாகவே எழுந்து போகலாம், கை தட்டு வாங்கியவளாகவே. வீட்டுக்குப் போய் அவருக்கு மெதுவாக எடுத்துச் சொல்லலாம். வேனை விட்டுவிடுங்க என்று நாளைக்குச் சொல்லலாம், இந்த வாரத்துக்குள் சொல்லலாம், தீபாவளி லீவு வந்துவிடும், அப்போது சொல்லலாம். அவள் தலை ஆடியது. தன் தலை ஆடுவதை அவளே உணர்ந்தாள்.

"வீட்ல வேற யாருக்காவது இருமல் இருக்கா? உங்க வீட்டுக்காரர் போன மாசம் கூட்டு மருந்து வாங்க வந்தப்போ கேட்டேன், ஒண்ணுமில்லைன்னார். இப்ப எப்படி இருக்கார்?"

வெளியே மழை நின்றுவிட்டிருந்தது. வெயில்கூட லேசாக அடித்தது. இனிமேல் கண்ணாடியை இறக்கிவிடுவார். இறக்குவாரா, மறந்துவிடுவாரா. பெரிய பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற நடை இன்னும் பாக்கி. அவர்களை ஏற்றினால் ஒரு சீட்டில் மூன்று பேர், நாலு பேர், மடியில் பை, நிற்க இடமில்லாமல். எல்லாருக்கும் அந்த விளையாட்டுத் தெரிந்திருக்கும்.

"மேடம், பள்ளிக்கூடம் எத்தன மணிக்குங்க உடுவாங்க?"

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"எல்லாப் பள்ளிக்கூடமும் ஒரே நேரந்தானுங்களே. இப்ப மணி என்னங்க?"

"என்னாச்சு சாந்தாமணி?"

"அவரு சாயங்காலம் வண்டி எடுக்கக் கூடாதுங்க." குரல் அவளுடையது மாதிரி இல்லை. பக்கத்து அறையில் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "அவருக்கு ஆடியிலிருந்து இருமலுங்க. எனக்குக் குடுத்த மாத்தரைய அவருக்கும் குடுத்தனுங்க. ஒருநாள் எனக்கு, ஒருநாள் அவருக்கு. மிஸ்டு கால் மட்டும் தெனமும் நான் குடுத்துட்டனுங்க."

மேடம் கோபப்படுவார் என்று சாந்தாமணி காத்திருந்தாள், கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். மேடம் கோபப்படவில்லை. பயந்துவிட்டார். அவர் பயந்ததைப் பார்த்ததும்தான் அது எவ்வளவு பெரியது என்று சாந்தாமணிக்கு முழுதாகத் தெரிந்தது.

"வேன்ல எத்தனை பிள்ளைங்க?"

"நெறையாங்க. நிவிதான்னு ஒரு குட்டிங்க, அதைய மொதல்ல பாருங்க. அது வேற மாதிரி இருமுதுங்க."

மேடம் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். யாரையெல்லாமோ கூப்பிட வேண்டும் என்று சொன்னார், பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், பேர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளலாம், பயப்படாதீங்க. முதலில் அவரை நிறுத்த வேண்டும், நீங்களே பேசுகிறீர்களா என்று கேட்டார்.

"நாஞ் சொன்னாச் சரி சரிம்பாருங்க, வண்டியையும் எடுத்துருவாரு. ஆராச்சும் நேர்ல போகோணுமுங்க." சாந்தாமணி எழுந்து நின்றாள். மேடத்தின் சேலை முந்தானை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டாள். "நாந்தான் சொன்னேன்னு சொல்லச் சொல்லுங்க. மெஷினு சொல்லுச்சு, கம்ப்யூட்டர் சொல்லுச்சுன்னெல்லாம் வேண்டாங்க. அப்பறம் மேடம், போறவங்க வண்டிச் சாவிய வாங்கிக்கிட்டு அவரை அப்பிடியே ரோட்டுல உட்டுட்டு வந்துரப்போறாங்க. கூடவே கூட்டீட்டு வரச் சொல்லுங்க. தனியா மட்டும் உட்டுர வேண்டாமுன்னு சொல்லுங்க."